ஜிசிசியில் கம்பைல் செய்தால் மூலநிரலைக் கொடுக்க வேண்டுமா?

ஜிசிசி என்பது மூலநிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றித் தரும் (கம்பைல் செய்யும்) ஒரு கருவி. அது ஜிபிஎல் உரிமத்தில், அதாவது மென்பொருளை விநியோகித்தால் மூலநிரலையும் தரச் சொல்லும் உரிமத்தில், இருப்பதால், அதில் கம்பைல் செய்து விற்கும் மென்பொருளின் மூலநிரலையும் வெளியிட வேண்டும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லைங்க. குழப்பம் வருவது நியாயம்தான்: கம்பைல் செய்யும்போது லிப்ஜிசிசியின் (ஜிசிசியோடு வரும், அதே ஜிபிஎல் உரிமத்தில் உள்ள துணை நிரல் தொகுப்பு) துண்டுகள் உங்கள் பைனரிக்குள்ளேயே, அதாவது கம்பைல் செய்து கிடைக்கும் இயங்கு கோப்புக்குள்ளேயே, போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்காகவே ‘ரன்டைம் லைப்ரரி எக்ஸப்ஷன்’ என்ற விலக்கு இருக்கிறது; 3.1 பதிப்பு, 2009 மார்ச் 31 தேதியிட்டது. வழக்கமான முறையில் கம்பைல் செய்த பைனரியை நீங்கள் விரும்பிய உரிமத்தில் விற்கலாம். ஜிசிசியையே மாற்றி விநியோகித்தால் அது வேறு கதை.

சந்தேகம் இருந்தால் ஜிசிசி மூலநிரலை இறக்கிப் பாருங்கள். முதல் கோப்புறையிலேயே ‘காப்பியிங்.ரன்டைம்’ என்ற சின்னக் கோப்பு இருக்கும். அப்புறம் லிப்ஜிசிசி2.சி கோப்பைத் திறந்தால், தொடக்கக் குறிப்பிலேயே இந்த விலக்கைச் சொல்லியிருப்பார்கள்.