ஈஸ்டர் ஒரே நாள்ல முடிஞ்சிடுதா?

ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலம் நாப்பது நாளும் கோயில்ல கூட்டம் தாங்காது, இயேசுவோட பாடுகளை நிலை நிலையா தியானிக்கிற வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு நிக்கக்கூட இடம் இருக்காது, ஆனா ஈஸ்டர் முடிஞ்ச அடுத்த ஞாயிறு போய்ப் பாருங்க, பாதி பெஞ்ச் காலி. எனக்கு நிஜமாவே வயிறு எரியுது. பாஸ்கா காலம், அதாவது ஈஸ்டர் கொண்டாட்டக் காலம், 50 நாள்ங்க, தூய ஆவி இறங்கி வந்த பெந்தகோஸ்து திருநாள் வரைக்கும்! முதல் எட்டு நாளும் பெருவிழா மாதிரிதான் திருச்சபை கொண்டாடுது. பீடத்துக்குப் பக்கத்துல உயிர்த்த கிறிஸ்துவைக் குறிக்கிற பெரிய மெழுகுவர்த்தி, பாஸ்கா திரி எரியுது, வழக்கமா மாதாகிட்ட சொல்ற மூவேளை செபத்துக்குப் பதிலா ‘விண்ணக அரசியே’ங்கிற ஈஸ்டர் கால மாதா செபத்தைச் சொல்றோம், பூசையில முதல் வாசகம்கூட பழைய ஏற்பாட்டை விட்டுட்டு புதிய ஏற்பாட்டுல இருக்குற திருத்தூதர் பணிகள் நூல்ல இருந்து வருது. இதெல்லாம் யாருக்காக?

நாப்பது நாள் அடக்கி வச்சிருந்த அல்லேலூயாவ இப்பவாச்சும் வாய்விட்டுப் பாடலாம்ல? பாடகர் குழு மட்டும் தனியா பாடுது, மத்தவங்க மணி பாக்குறாங்க. போன வாரம் தோமா சந்தேகப்பட்ட நற்செய்திப் பகுதிய வாசிச்சாங்க, அது ஒவ்வொரு வருஷமும் ரெண்டாவது ஞாயிறுதான் வரும், உயிர்த்த இயேசு வந்தப்போ தோமாவும் முதல் தடவை மத்த சீடர்களோட இல்லாம போய்ட்டாரேன்னு கேட்டுட்டு இருக்கேன், சுத்தி பாத்தா என் வரிசையில நானும் ஒரு வயசான அம்மாவும்தான்.

உடம்பு முடியாதவங்க, ஞாயிறும் வேலைக்குப் போறவங்கள நான் சொல்லல. அழுவுறதுக்கு மட்டும் வந்துட்டு சந்தோஷப்பட வராம இருக்கோமே, அதான் தாங்கல. சிலுவைப்பாதைக்கு இருக்குற மாதிரியே உயிர்ப்புக்கு ஒளியின் பாதைன்னு 14 நிலை இருக்கு, அதையாவது ஒரு வெள்ளிக்கிழமை வைங்கன்னு ஃபாதர்கிட்ட கேக்கப் போறேன்.