குயில் கூவுவது ஆண், கதிரை வந்தது கப்பலில்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கிழமை மறுபடியும் அந்த வெனிஸ் டொல்பின் வீடியோ வந்திருக்கிறது. 2020 மார்ச்சில் முதல்முறை வந்தபோது நானும் நம்பினேன், நாலு பேருக்கு அனுப்பவும் செய்தேன். சனம் வீட்டுக்குள் அடைபட்டதும் கால்வாய்களுக்கு டொல்பின்கள் திரும்பிவிட்டனவாம். அந்த டொல்பின்கள் நீந்தியது வெனிஸில் இல்லை, சார்தீனியாத் தீவின் காலியாரி துறைமுகத்தில். வெனிஸில் தண்ணீர் தெளிந்தது உண்மைதான். படகுகள் ஓடாததால் கலங்கிய சேறு அடியில் படிந்துவிட்டது.

அடைபட்ட காலத்தில் தெரிந்துகொண்ட வியப்பான தகவல்கள் என்று ஆளுக்காள் பட்டியல் போடுகிறார்கள். என்னிடமும் சில உண்டு. ஆனால் அவற்றில் ஒன்றுகூட போனில் யாரும் அனுப்பியதில்லை. இதைப் பற்றி எழுதவேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்து வாசியுங்கள்.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை பின்னேரம் 6 மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். பல மாவட்டங்களில் இடையிடையே எடுத்துவிட்டார்கள், கொழும்பில் மே 26 வரை போனது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு எங்களுடையது. நான், மனைவி, அம்மா, நாலாம் வகுப்பு படித்த மகள். அடுத்த வருஷம் புலமைப்பரிசில் பரீட்சை என்பதால் பிள்ளைக்கு அதற்கு முன்பு கிழமையில் ஐந்து நாள் ரியூசன். திடீரென்று எல்லாம் நின்றுபோனது. அவளுக்கு மிஞ்சியது பின்பக்கத்து பல்கனியும் பக்கத்துக் காணியின் மாமரமும்தான்.

அம்மா விடிய எழும்பித் தேத்தண்ணிக் கோப்பையோடு அங்கேதான் உட்காருவார். சித்திரை நெருங்க, குயில் கூவத் தொடங்கிவிட்டது. சிங்களச் சனத்துக்கு 'கொஹா' கூவினால் அவுருது வந்துவிட்டது என்று அர்த்தம். நமக்கும் அதே வருஷப்பிறப்பு, அதே குயில். "பார் பிள்ளை, என்ன வடிவாக் கூவுறாள்" என்றார் அம்மா. மகள் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு கிழமை பார்த்தாள். கறுப்பு உடம்பும் சிவந்த கண்ணுமாக ஒன்று வாயைத் திறந்து கூவுகிறது. மண்ணிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட இன்னொன்று இலைக்குள் ஒளிந்திருந்து, எப்போதாவது 'கிக் கிக் கிக்' என்று கத்துகிறது. இது எது, அது எது என்று என்னைக் கேட்டாள். அலுமாரிக்குள் கிடந்த பறவைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். புள்ளி போட்டதுதான் பெண். அந்தக் 'குக்கூ' முழுக்க ஆணின் குரல். பாட்டுக்காரிகளைக் குயில் என்று புகழ்ந்துகொண்டே நாற்பது வயதைத் தாண்டிவிட்ட எனக்கு அன்றைக்குத்தான் அது தெரியும்.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "போ பிள்ளை, குயில் எண்டா பொம்பிளைதான்."

காகக் கூட்டில் குயில் முட்டையிடும் என்பது எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் படித்ததைப் பார்த்தது மே மாதத்தில். அம்மா தினமும் மதியம் சாப்பிட முதல் பல்கனிக் கட்டில் காகத்துக்கு ஒரு பிடி சோறு வைப்பார், அப்பாவை நினைத்து. அன்றைக்கும் காகம் வந்து கொத்தியது. ஆனால் விழுங்கவில்லை. வாய் நிறைய அடக்கிக்கொண்டு மாமரத்துக்குப் பறந்தது. கொப்பில் ஒரு குஞ்சு இறக்கையை நடுக்கி நடுக்கிக் கத்திக்கொண்டிருந்தது. காகத்தின் சாயலே அதில் இல்லை. காகம் சோற்றை அதன் தொண்டைக்குள் திணித்தது. மகள் என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, அப்பப்பாவுக்கு வைச்ச சோறு குயில் குஞ்சுக்குப் போகுது!" காகத்தின் முட்டைகளுக்கு இரண்டு மூன்று நாள் முந்தியே குயில் முட்டை பொரித்துவிடும், அதனால்தான் அது முந்திக்கொண்டு தீனி வாங்கிவிடுகிறது என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இரவில் பல்லி. டியூப் லைட்டுக்குப் பக்கத்தில் ஒன்று நாக்கை நீட்டித் தன் கண்ணையே நக்கியதைக் கண்டு சத்தம் போட்டாள். வீட்டுப் பல்லிக்கு மூடித் திறக்கிற இமை இல்லை, நாக்கால்தான் கண்ணைத் துடைக்கிறது. சுவரில் அது ஒட்டி நிற்பது பசையாலும் இல்லை. விரல்களில் கண்ணுக்குத் தெரியாத இலட்சக்கணக்கான நுண்மயிர்கள் இருக்கின்றன. அவை சுவரோடு நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கு இடையில் எழும் மெல்லிய ஈர்ப்பே அதைத் தாங்குகிறது. எங்கள் வீட்டுப் பஞ்சாங்கக் கலண்டரில் பல்லி விழும் பலன் தலை முதல் கால் வரை அச்சிட்டிருக்கிறது. அது விழாமல் நிற்பது எப்படி என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அப்புறம் சொற்கள். எனக்குப் பெரிய அதிர்ச்சி அதுதான்.

மேல்மாடியில் ஒரு சிங்கள அன்ரி. பல்கனியில் நின்று என் மனைவியோடு கதைக்கும்போது 'அல்மாரிய' பூட்டு உடைந்ததைப் பற்றிச் சொன்னார். மகள் ஓடிவந்து, "அவ எங்கட சொல்லைச் சொல்றா" என்றாள். எங்கட சொல்லா அது? சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியை இணையத்தில் திறந்துவைத்து, வீட்டுக்குள் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாகத் தேடினோம். அலுமாரி போர்த்துக்கீசம். யன்னல் போர்த்துக்கீசம். சாவி, மேசை, துவாய், சப்பாத்து, வாங்கு, பாண் எல்லாம் 1505இல் இந்தக் கரைக்கு வந்தவர்களின் பாஷையிலிருந்து வந்தவை. 1656இல் கொழும்பைப் பிடித்த ஒல்லாந்தர் விட்டுப்போனவை கந்தோர், கக்கூசு. அன்ரியின் வீட்டிலும் அதே மேசய, ஜனேலய, சபத்து. பாணுக்கு யப்பானிலும் அதே வேரிலிருந்து வந்த 'பான்' என்ற சொல்தான்.

கதிரைதான் என்னை உலுக்கியது. 'நாங்கள் கதிரை என்போம், இந்தியாவில் சேர் என்பார்கள், எங்களுடையதுதான் நல்ல தமிழ்' என்று நானே இங்கே எழுதியிருக்கிறேன். கதிரை என்பது போர்த்துக்கீசத்தின் 'கதெய்ரா'. அதற்கு முன்னால் லத்தீனில் 'கதெத்ரா', அதற்கும் முன்னால் கிரேக்கம். ஆங்கிலச் 'சேர்' பிரெஞ்சு வழியாக வந்தது அதே கிரேக்கச் சொல்லிலிருந்துதான். இரண்டும் ஒரு தாய் பிள்ளைகள்! பிஷப்பின் இருக்கை வைத்திருக்கிற கோயிலுக்குக் கதீட்ரல் என்று பெயர் வந்ததும் அதே வேரில். கொட்டாஞ்சேனை புனித லூசியா கதீட்ரலைக் கடந்து எத்தனை தரம் போயிருப்பேன், எங்கள் வீட்டுக் கதிரைக்கும் அதற்கும் சொந்தம் என்று யார் கண்டது?

என் தமிழ் இதனால் குறைந்துபோனதாக நான் நினைக்கவில்லை. குறைந்தது என் வீறாப்பு, அது நல்லதுதான். அம்மாவை அசைத்தது மிளகாய். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கீசர்தான் இந்தப் பக்கம் கொண்டுவந்தார்கள், மிளகு போல உறைக்கிற காய் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்றதும், செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தவர் அகப்பையோடு திரும்பினார். "அப்ப முந்தின ஆக்கள் உறைப்புக்கு என்னத்தைப் போட்டவை?" மிளகைத்தான், அம்மா. நீங்கள் தடிமனுக்குக் காய்ச்சித் தருகிற மிளகு ரசம் அந்தக் காலத்து ருசிக்குக் கிட்ட நிற்கிறது.

ஊரடங்கு எல்லோருக்கும் இப்படி இருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்த மலையகத்துப் பையன்கள் ஊருக்குப் போக வழியில்லாமல் ஒரு அறையில் பத்துப் பேராகக் கிடந்தார்கள். நாட்கூலிக்காரர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவர்களிடம் போய்க் குயிலைப் பற்றிப் பேச எனக்கு வாய் வராது. நான் பேசுவது எங்களைப் போல மாதச் சம்பளமும் மூன்று வேளைச் சாப்பாடும் இருந்தவர்களைப் பற்றி. அந்த இரண்டு மாதத்தில் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்த வெறும் நேரத்தை, ஊர் திறந்த மறுகிழமையே பிடுங்கிக்கொண்டோமே, அதைப் பற்றி.

பொது அறிவு என்று பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பது மனப்பாடம். உயரமான மலை, நீளமான ஆறு, முதல் பிரதமர். பரீட்சை முடிந்த அடுத்த நாள் மறந்துபோகும். மாமரத்துக் காகத்தை என் மகள் இன்னும் மறக்கவில்லை. அவள் யாரிடமும் அதைக் கேட்டு நம்பவில்லை, தானே பார்த்தாள், பிறகுதான் புத்தகத்தைத் திறந்தாள். வீட்டில் யாராவது ஒரு வீடியோவைக் காட்டினால் "எங்க எடுத்தது?" என்று இன்றைக்கும் முதலில் கேட்பவள் அவள்தான். வெனிஸ் டொல்பினையும் குழுவில் அவள்தான் திருத்தினாள்.

இப்போது அவளுக்குச் சாதாரண தரப் பரீட்சைக்கான ரியூசன், கிழமையில் ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பை இந்த மாதம் நிறுத்திவிட்டேன். எத்தனையோ பேர் ஏசினார்கள், ஏசட்டும். போன ஞாயிறு விடிய அவள் தூக்கத்தில் இருந்தபோது, பல்கனியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது: "பிள்ளை, எழும்பி வா, கூவுறான்."