நாடாவா, ரிப்பனா?

ஸ்காட்லாந்தின் ஏர்ஷயரில் ஸ்டூவர்ட்டன் என்று ஓர் ஊர். தலைமுறை தலைமுறையாகத் தொப்பி பின்னியதால் 'தொப்பியூர்' என்றே அதற்குப் பட்டப்பெயர். அங்கே ஒரு வீட்டில், கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, மாப்பிள்ளை கில்ட் என்கிற கட்டம்போட்ட பாவாடையும் தொப்பியுமாகக் கண்ணாடி முன் நிற்கிறான். பின்னால் தாத்தா, கையில் வெண்ணெய் தடவிய ரொட்டியோடு.

தாத்தா: ஏன்டா, தாடையில் என்ன முடிச்சு? பல்வலியா?

பேரன்: காற்றில் தொப்பி பறக்காமல் இருக்கத்தானே தாத்தா இந்த ரிப்பன்?

தாத்தா: அது குல்லா போட்ட கைக்குழந்தைக்கு. இந்த மாதிரி வட்டமான பால்மோரல் தொப்பிக்கு ரிப்பன் பின்னந்தலையில் வரணும். அவிழ்த்துத் திருப்பு. ம்... பார், வலது காதுமேல் இருந்த பேட்ஜும் தானாக இடப்பக்கம் வந்துவிட்டது. தொப்பிக்கு இருக்கிற புத்தி உனக்கில்லை.

பேரன்: பேட்ஜுக்குப் பின்னால் பூப்போல மடித்த கறுப்பு ரிப்பன் எதற்கு?

தாத்தா: அது காகேட். 1745 கலகத்தில், பதவியிழந்த பழைய அரச வம்சத்துக்காகச் சண்டை போட்ட ஜேக்கபைட்காரர்கள் வெள்ளை வைத்தார்கள், அரசர் பக்கம் இருந்தவர்கள் கறுப்பு. உன் மாமனாரிடம் மட்டும் இதைக் கேட்டுவிடாதே. கேக் வெட்டும்போதுதான், அந்தக் கலகம் முடிந்த கல்லோடன் போருக்கே வந்து சேருவார்.

பேரன்: ஒரு கழுகு இறகு செருகட்டுமா? கம்பீரமாக இருக்கும்.

தாத்தா: மூன்று இறகு குலத்தலைவருக்கு. இரண்டு, அவருக்கு அடுத்த கிளைத்தலைவருக்கு. ஒன்று, தன் பெயரில் கேடயம் போட்ட மரபுச் சின்னத்தை முறைப்படி பதிந்தவருக்கு. உனக்கு வீட்டு வாடகைப் பத்திரமே கல்யாணப்பெண் பெயரில்தான் இருக்கிறது.

பேரன்: சரி, இறகு வேண்டாம். ரிப்பனைக் கட்டணுமா, தொங்கவிடணுமா? கட்டினால் கல்யாணமானவன், தொங்கவிட்டால் பிரம்மச்சாரி என்று நண்பன் சொன்னான். பாதிரியார் ஆமென் சொன்னதும் கட்டிவிடவா?

தாத்தா: அதெல்லாம் எவனோ அளந்த கதை. பட்டாளத்திலேயே ஒரு படைப்பிரிவில் கட்டுவார்கள், இன்னொன்றில் தொங்கவிடுவார்கள். படகுபோல மடிகிற கிளென்காரி தொப்பியில் பெரும்பாலும் இரண்டு வாலும் கழுத்தில் தொங்கும். அதன் நுனியை உன் சின்னத் தாத்தா எத்தனை தடவை சூப்பில் நனைத்திருக்கிறார் தெரியுமா?

பேரன்: நீங்கள் எப்போதும் கட்டித்தானே வைக்கிறீர்கள்?

தாத்தா: (குரலைத் தாழ்த்தி) அந்தக் கதையை உன் பாட்டி நம்புகிறாள்.

பேரன்: அப்படியானால் ரிப்பனுக்கு உண்மையான வேலைதான் என்ன?

தாத்தா: அந்தக் காலத்தில் தொப்பியைப் பெரிதாகப் பின்னி, நனைத்து அடித்து, கம்பளியைச் சுருங்க வைப்பார்கள். எவ்வளவு சுருங்கும், எந்தத் தலைக்குப் போகும், யார் கண்டது? அதனால் அடிப்பட்டைக்குள் ரிப்பனை ஓட்டி, பின்னால் இழுத்துக் கட்டினார்கள். எந்தத் தலைக்கும் பொருந்தும்.

பேரன்: அட, பைஜாமா நாடா!

தாத்தா: மெதுவாகப் பேசு. ஊர்க்காரர்கள் காதில் விழப்போகிறது. இப்போது கடையில் விற்கிற பல தொப்பிகளில் அது சும்மா அழகுக்குத் தைத்ததுதான். இது என் அப்பாவின் தொப்பி. இதில் நாடா இன்னும் வேலை செய்யும்.

பேரன்: அதுதான் மூக்குவரை இறங்குகிறதா! இருங்கள், இழுத்துப் பார்க்கிறேன்.

தாத்தா: மெதுவாக.

பேரன்: இன்னும் கொஞ்சம்... ஆங், இப்போது புயலே வந்தாலும் நகராது.

தாத்தா: புருவம் ஏன் இவ்வளவு மேலே போகிறது?

பேரன்: பரவாயில்லை, மகிழ்ச்சியாக இருப்பதுபோலத் தெரியும்.

தாத்தா: சர்ச் வாசலில் தொப்பியைக் கழற்றணும், ஞாபகம் இருக்கட்டும். எங்கே, ஒரு தடவை கழற்று.

(பேரன் இரு கையாலும் பிடித்துக் கழற்றுகிறான். தாத்தா ரொட்டியைக் கீழே வைக்கிறார்.)

பேரன்: என்ன தாத்தா, அப்படிப் பார்க்கிறீர்கள்?

தாத்தா: ஒன்றுமில்லை. நெற்றியில் ஒரு கோடு. காதிலிருந்து காதுவரை. நல்ல சிவப்பு.

பேரன்: ஐயோ! போட்டோகிராபர் சர்ச்சுக்குள்ளேதான் நிற்கிறார்!

தாத்தா: பதறாதே. ஹாலில் மாட்டியிருக்கிற எங்கள் கல்யாண போட்டோவைப் போய்ப் பார். எனக்கும் அதே இடத்தில்தான்.

பேரன்: அது போட்டோ மடங்கியதால் வந்த கோடு என்றுதானே இத்தனை வருஷமாகச் சொன்னீர்கள்?