ஆய்வுக்கூடத்தில் வேலை இல்லாதவள் எழுதுவது

மக்களிடம் அறிவியல் பேசுவது பற்றிக் கேட்ட இளம் ஆய்வாளருக்கு மூத்த விஞ்ஞானி ஒருவர் மேடையில் பதில் சொல்லும் இரண்டு நிமிடக் காணொளியை இதுவரை பதினாறு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். போதும், பார்த்துவிட்டேன். "ஆய்வுக்கூடத்தில் வேலை இல்லாதவர்கள்தான் மைக்கைப் பிடிக்கிறார்கள்" என்று அந்தப் பெரியவர் சொன்னதும் அரங்கில் எழுந்த சிரிப்பையும் கேட்டேன். கேள்வி கேட்ட இளம் ஆய்வாளர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்ததையும் பார்த்தேன். பெரியவர் மீது எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் இரண்டு நாள் ஆறப்போட்டுவிட்டு எழுதுகிறேன். ஆறவில்லை.

சொல்ல வந்தது ஒன்றுதான். மக்களிடம் பேசுவதும் விஞ்ஞானியின் வேலை. மனமிருந்தால் செய்யும் தர்மம் என்று அதை ஒதுக்காதீர்கள். வேலை.

இயற்பியலாளர் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் உரைத்தொடரை முதன்முதலாக நிகழ்த்தியது 1827இல். காந்தத்தை அசைத்து மின்சாரம் உண்டாக்கும் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தது 1831இல். அதற்குப் பிறகாவது அடங்கினாரா? 1860 வரை மொத்தம் 19 தொடர்கள். ஒரு மெழுகுவர்த்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு சுடர், நீராவி, காற்று, நாம் விடும் மூச்சு என்று பிள்ளைகளை எங்கெங்கோ அழைத்துப் போனார். பாவம், ஆய்வுக்கூடத்தில் வேலை இல்லாத மனிதர்.

"ஃபாரடே மேதை, நீ யார்?" என்பீர்கள். சரி, என் கதைக்கே வருகிறேன்.

நான் பாக்டீரியாக்களோடு மல்லுக்கட்டுகிறவள். ஆன்டிபயாடிக் மருந்துகள் ஏன் ஒவ்வொன்றாகத் தோற்கின்றன என்பதுதான் என் ஆய்வு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகத்தில் பேச அழைத்தார்கள். நாற்பது ஸ்லைடுகளோடு போனேன். மருந்தைச் சிதைக்கும் நொதிகள், உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகள், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பிளாஸ்மிடுகள் என்னும் குட்டி டிஎன்ஏ வளையங்கள், எதையும் விடவில்லை. "எதிர்ப்புத் திறன் பெருகிவருகிறது" என்று பத்து முறையாவது சொல்லியிருப்பேன். கைதட்டினார்கள். முடிந்ததும் ஒரு முதியவர் அருகில் வந்தார். "நல்ல செய்தி சொன்னீர்கள் அம்மா. எனக்கும் எதிர்ப்புச் சக்தி நன்றாகப் பெருகட்டும்" என்று மனதார வாழ்த்திவிட்டுப் போனார்.

தவறு அவருடையதா? உடம்பு நோயைத் தாங்குவதற்கும் எதிர்ப்பு, கிருமி மருந்தைத் தாங்குவதற்கும் எதிர்ப்பு என்று ஒரே சொல்லை இரண்டுக்கும் சூட்டியது நாம்தானே. ஒன்று வரம், மற்றது சாபம். ஒரு மணி நேரம் தொண்டை வறளப் பேசி, சாபத்தை வரமாக அவர் காதில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அவர் ஒருவர் மட்டும் என்று நினைக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2015இல் 12 நாடுகளில் ஏறத்தாழ 10,000 பேரிடம் கேட்டது. 76 சதவீதத்தினர், மருந்துக்குப் பழகிப்போவது நம் உடம்புதான் என்று நம்பினார்கள். சளிக்கும் ஃப்ளூவுக்கும் ஆன்டிபயாடிக் கேட்கும் என்று நம்பியவர்கள் 64 சதவீதம். பெனிசிலினை அரைகுறை அளவில் சாப்பிட்டால் கிருமி அதைத் தாங்கும் அளவுக்குத் தேறிவிடும் என்று, அதைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இலேயே, நோபல் உரையிலேயே எச்சரித்திருந்தார். எழுபது ஆண்டுகள் அந்தச் செய்தி எங்கே போயிற்று? நம் கருத்தரங்குகளுக்குள் பத்திரமாக இருந்தது.

இப்போதெல்லாம் 'மருந்துக்கு மசியாத கிருமி' என்கிறேன். அந்த மூன்று சொற்கள் வாய்க்க எனக்குப் பல மாதங்கள் ஆயின. எந்த மதிப்பீட்டுக் குழுவும் அதை ஆய்வு என்று ஒப்புக்கொள்ளாது.

எளிமைப்படுத்தினால் உண்மை சிதையும் என்கிறார்கள். சிதையும். நானே சிதைத்திருக்கிறேன். ஒரு நேர்காணலில் "கிருமி மருந்தைச் சமாளிக்கக் கற்றுக்கொள்கிறது" என்று சொல்லிவிட்டேன். கிருமி எதையும் கற்பதில்லை. மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றங்களில் சில அதைக் காப்பாற்றுகின்றன. மற்ற கிருமிகள் செத்து ஒழிய, அது மட்டும் பெருகுகிறது. என் மாணவி சுட்டிக்காட்டியபோது கூசிப்போனேன். ஆனால் அதற்காக வாயை மூடிக்கொண்டால் அந்த இடம் காலியாகவா இருக்கும்? எதிலும் ஐயமே இல்லாத வாட்ஸ்அப் வைத்தியர் ஏற்கனவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

எல்லோருக்கும் பேச்சு வராது என்கிறீர்களா? வர வேண்டாம். பேசுகிறவரைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தால் போதும்.

அப்புறம், புகழ் ஆசையால்தான் மக்களிடம் பேசுகிறோம் என்கிறார்கள். ப்ரொஜக்டர் வேலை செய்யாத வகுப்பறையில் முப்பத்தைந்து பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் பாக்டீரியா வரைந்துவிட்டு, சுண்ணக்கட்டித் தூளோடு இரவு பஸ்ஸில் திரும்புவதில் என்ன புகழைக் கண்டீர்களோ தெரியவில்லை. தன் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று வாரம் மூன்று முறை எண்ணிப் பார்க்கிறவர்கள் இதைச் சொல்லும்போதுதான் வலிக்கிறது. அது மட்டும் துறவறமா?

தொலைக்காட்சியில் மக்களுக்கு விண்வெளியை விளக்கிய வானியலாளர் கார்ல் சேகன் நூற்றுக்கணக்கில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர். 1992இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. 1994இல் அதே கழகம் பொதுநலப் பதக்கம் கொடுத்தது. உள்ளே விட மாட்டோம், வாசலில் நில்லுங்கள், மாலை போடுகிறோம்!

எனக்கு மாலையும் வேண்டாம். என் பதவி உயர்வு நேர்காணலில், கோப்பின் கடைசி நான்கு பக்கங்களை ஒருவர் ஒற்றை விரலால் தள்ளி, "இதெல்லாம் உங்கள் பொழுதுபோக்குகளா?" என்று கேட்டார். பள்ளிகள், நூலகங்கள், வானொலி, எல்லாம் அந்த நான்கு பக்கங்களில்தான் இருந்தன. நான் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை என் மீதே கோபம். அன்று அரங்கில் சிரித்தவர்களிலும் என்னைப் போல் சிலர் இருந்திருப்பார்கள்.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். கொரோனா காலத்தில் பெரியவரே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். தடுப்பூசி மரபணுவையே மாற்றிவிடும் என்று ஏதோ ஒரு செய்தியைப் படித்துவிட்டு, அவர் வீட்டில் ஊசி போட்டுக்கொள்ள மறுத்தார்களாம். "நான் சொன்னால் கேட்கவில்லை அம்மா, உனக்குத்தான் இவர்களுக்குப் புரிகிற மாதிரிப் பேச வரும்" என்று சொல்லித் தொலைபேசியை உள்ளே கொடுத்தார். நாற்பது நிமிடம் பேசினேன். ஊசி போட்டுக்கொண்டார்கள்.

அன்று எனக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை இருந்தது.