லிஃப்ட்ல இறங்கி எங்க உக்கார்றது?

சென்னை அசோக் நகர்ல எங்க அம்மா இருக்கற பிளாட் கட்டி 38 வருஷம் ஆச்சு, 12 வீடு, லிஃப்ட் கிடையாது. வாங்கினப்ப எல்லாருக்கும் 35, 40 வயசு, லிஃப்ட் பத்தி யாருமே கேக்கல, ஸ்கூட்டர் விட இடம் இருக்கான்னுதான் பாத்தாங்க. இப்ப அம்மாவுக்கு முட்டி தேஞ்சு போச்சு, ரெண்டாவது மாடிலேந்து கயித்துல கூடைய இறக்கித்தான் கீரை வாங்கறாங்க, கீழ இறங்கி 15 நாளாச்சு.

போன மாசம் ஒரு பில்டர் வந்தாரு, இடிச்சிட்டு புதுசா கட்டித் தர்றேன்னு. இப்ப தெருவுக்கு தெரு இதே பேச்சுதான். 2019 கட்டட விதியில எஃப்எஸ்ஐ, அதாவது மனை அளவுல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கற கணக்கு, 1.5லேந்து 2 ஆச்சு, எங்க 3 கிரவுண்டுல (கிரவுண்டுக்கு 2,400 சதுர அடி) முன்ன 10,800 சதுர அடின்னா இப்ப 14,400 கட்டலாம், அந்த கூடுதல் வீடுகள வித்துதான் நமக்கு புது வீடு வருது. (யூடிஎஸ், அதாவது மனையில நம்ம பேர்ல இருக்கற பிரிக்காத பங்கு, அதுக்கேத்த மாதிரி குறையும், தெரிஞ்சே கையெழுத்து போடுங்க.) 2022 அடுக்குமாடி சட்டப்படி இடிச்சுக் கட்ட மூணுல ரெண்டு பங்கு ஓனருங்க சரின்னா போதும்.

இடிக்கணும்தான், சீலிங்ல கம்பி தெரியுது. ஆனா பிளான பாத்ததும் மனசு கேக்கல. தரைத்தளம் முழுக்க கார் பார்க்கிங், வீட்டுக்கு 2. பிள்ளைங்க 3 பெட்ரூம் கேக்கறாங்க, வீட்லேந்து வேலை பாக்க தனி ரூம் கேக்கறாங்க, நியாயம். 2015 வெள்ளத்துல கீழ்வீட்டுக்காரங்க பட்ட பாட்ட பாத்தவங்க யாரும் கீழ வீடு வேணும்னு கேக்க மாட்டாங்க, அதுவும் நியாயம். ஆனா படிக்கு கீழ 20 வருஷமா இஸ்திரி போடற அண்ணன் எங்க போவாரு? வாசல் கேட் பக்கத்துல வேப்பமரம், அதச் சுத்தி சிமெண்ட் மேடை, சாயங்காலமானா அங்கதான் நாலு பெரியவங்க உக்காந்திருப்பாங்க, பிளான்ல அந்த இடத்துல விசிட்டர் பார்க்கிங்னு போட்டிருக்கு. அம்மாகிட்ட காட்டினேன். "எல்லாம் சரி, லிஃப்ட்ல இறங்கி எங்கடா உக்கார்றது?"ன்னாங்க. எனக்கு பதில் வரல.

ஒரு கார் நிக்க ரெண்டரை மீட்டருக்கு அஞ்சு மீட்டர் வேணும். அந்த ஒரு கார் இடத்துல இஸ்திரி மேஜை, ரெண்டு பெஞ்சு, தண்ணிப் பானை எல்லாம் வெக்கலாம். நடக்கற தூரத்துல 2015லேந்து மெட்ரோ ஓடுது, அப்புறம் வீட்டுக்கு ரெண்டாவது கார் எதுக்கு? அசோசியேஷன்ல இதச் சொன்னா, பார்க்கிங் இல்லாத வீட்ட யாரு சார் வாங்குவாங்கன்னு பில்டர் கேக்கறாரு. வாங்கறவங்க நிறைய பேர் வயசான அப்பா அம்மாவ கூட வெச்சுக்கத்தான் வாங்கறாங்க, அவங்களுக்கும் சேத்துத்தான கட்டணும்!

ஞாயித்துக்கிழமை மறுபடி மீட்டிங். மரத்த வெட்டக்கூடாது, கீழ 2 கார் இடம் பொதுவுக்குன்னு அக்ரிமெண்ட்லயே எழுதி வாங்கினவங்க யாராவது இருந்தா எப்படி எழுதினீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க, அதுக்குள்ள தெரிஞ்சா ரொம்ப உதவியா இருக்கும்.