இயற்பியல் ஆசிரியராக ஒரே வழிதானா?

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) முடிவு வந்தால் போதும், பினாங்குப் புலனக் குழுக்களில் இந்தச் செய்தி சுற்றத் தொடங்கிவிடும்: "இடைநிலைப்பள்ளியில் இயற்பியல் போதிக்க ஆசையா? ஆசிரியர் கல்விக் கழகம்தான் ஒரே வழி."

தவறு. எஸ்.பி.எம். முடித்தவர்களை அங்கே சேர்க்கும் பி.ஐ.எஸ்.எம்.பி. என்ற ஆசிரியர் பட்டப்படிப்பு முக்கியமாகத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கானது. இயற்பியலோ நான்காம், ஐந்தாம் படிவப் பாடம். அதற்குப் பல்கலைக்கழகம் போக வேண்டும். எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) அல்லது மெட்ரிகுலேஷன் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) முடித்துவிட்டு, நம் குளுகோரில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே (யூ.எஸ்.எம்.) கல்வியியலோடு சேர்ந்த அறிவியல் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமும் உண்டு. சரி, வெறும் இயற்பியல் பட்டம் வைத்திருப்பவர்? பட்டத்துக்குப் பிந்தைய கல்வியியல் டிப்ளோமா இருக்கிறது. சேர்க்கை அறிவிப்பைத்தான் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"பாடம் தெரிந்தால் போதாதா, பயிற்சி எதற்கு?" என்றும் அதே செய்தியின் கீழே கேட்கிறார்கள். டிக்கர் டைமரை எடுத்துக்கொள்ளுங்கள். நகரும் பொருள் இழுத்துச் செல்லும் காகித நாடாவில் சீரான இடைவெளி நேரத்தில் புள்ளி குத்தும் ஆய்வுக்கூடக் கருவி அது. நொடிக்கு 50 புள்ளி குத்தும். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே 0.02 நொடி. மாணவர்கள் புள்ளிகளை எண்ணிவிட்டு நேரத்தைத் தப்பாகச் சொல்வார்கள். எண்ண வேண்டியது இடைவெளிகளை. 11 புள்ளி என்றால் 10 இடைவெளி, அதாவது 0.2 நொடி. விடை தெரிந்தவர்கள் நிறையப் பேர்; மாணவன் எங்கே சறுக்குவான் என்று முன்கூட்டியே கணித்துப் பாடத்தைத் திட்டமிடுவதுதான் அந்தப் பயிற்சியில் கற்பது.