அச்சோவியத்தை போன் திரையில் பார்த்துத் தேர்வு செய்யாதீங்க

கோவையிலோ திருப்பூரிலோ ஈரோட்டிலோ அச்சோவியக் கண்காட்சி (தகட்டிலோ ஸ்க்ரீனிலோ கலைஞர் உருவாக்கிக் காகிதத்தில் அச்சடிக்கும் படைப்புகளின் கண்காட்சி) அறிவிக்கிறார்கள், நடுவர் குழு வைத்துப் படைப்புகளைத் தேர்வு செய்வோம் என்கிறார்கள் என்றால், முதலில் ஒன்றைக் கேளுங்க. நடுவர்கள் காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பார்களா, இல்லை மின்னஞ்சலில் வந்த படத்தைப் பார்த்தே முடிவு சொல்லிவிடுவார்களா? முதல் வடிகட்டலுக்குப் படம் போதும், ஒத்துக்கொள்கிறேன். இருநூறு முந்நூறு பேர் அனுப்பினால் அத்தனையையும் வரவழைக்க முடியாது. ஆனால் கடைசித் தேர்வும் பரிசும் காகிதத்தைப் பார்க்காமல் நடக்கக் கூடாது.

காரணம் அச்சின் வேலையிலேயே இருக்கிறது. எட்சிங்கை, அதாவது உலோகத் தகட்டை அரித்து அச்சடிக்கும் முறையை எடுத்துக்கங்க. செப்புத் தகட்டில் மெழுகுப் பூச்சுப் பூசி, ஊசியால் கீறி, ஃபெரிக் குளோரைடில் போட்டு அரிக்கிறார்கள். துத்தநாகத் தகடு என்றால் தண்ணீர் கலந்த நைட்ரிக் அமிலம். அரித்த பள்ளத்தில் மையை அடைத்து, மேலே ஒட்டிய மையை மஸ்லின் துணியால் துடைத்தெடுத்து, ஊறவைத்த காகிதத்தைப் போட்டு, கம்பளி விரித்து உருளைக்கு நடுவே ஓட்டுகிறார்கள். அந்த அழுத்தத்தில் காகிதமே பள்ளத்துக்குள் இறங்கி மையை வாங்கிக்கொண்டு வருகிறது. அதனால் எட்சிங் கோடு மயிரிழை அளவு எழும்பி நிற்கும். தாளை ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் சின்ன நிழல் விழுவதும், படத்தைச் சுற்றித் தகடு அமுங்கிய தடமும் தெரியும். போன் திரையில் இரண்டுமே கிடையாது. அங்கே எட்சிங்கும் பேனாக் கோடும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

தப்புகளும் அப்படித்தான், நேரில் பார்த்தால்தான் பிடிபடும். தகட்டின் ஓரத்தை அரத்தால் சரிவாக ராவாமல் விட்டிருந்தால் அங்கே மை தங்கி, விளிம்பைச் சுற்றி அழுக்குக் கோடு விழும், கம்பளியும் வெட்டுப்படும். படத்தின் நடுப்பகுதி கருகருவென்று வந்து ஓரம் வெளிறியிருந்தால் பெரும்பாலும் காகிதத்தின் ஓரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். நம்ம ஊரில் இது அடிக்கடி நடக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் ஊறிய தாள் மேசைமேல் கிடக்கும்போதே ஓரத்தில் உலர ஆரம்பித்துவிடும். 250, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு அத்தனை கிராம் எடை) பருத்திக் காகிதத்தை அரைமணி நேரம் ஊறவைத்து, ஒற்றுத்தாளில் ஒற்றி, மேற்பரப்பில் நீர்ப் பளபளப்புப் போனதும் பிளாஸ்டிக் விரிப்புக்குள் அடுக்கி, அச்சடிக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக வெளியே எடுப்பதுதான் வழி. ஒரு பக்க அழுத்தம் கூடியிருந்தால் தாளில் மடிப்பு விழும். அதையும் படமெடுக்கும் வெளிச்சத்தில் எளிதாக மறைத்துவிடலாம்.

இன்னொரு விஷயம், பதிப்பு. தாளின் கீழே இடப்பக்கம் பென்சிலில் 3/20 என்று இருக்கும். இருபது பிரதி கொண்ட பதிப்பில் மூன்றாம் எண் என்று பொருள். மூன்றாவது பிரதி மற்ற பத்தொன்பதைப்போலவே இருக்க வேண்டும், அதுதான் அந்த எண் தரும் வாக்குறுதி. ஏ.பி. என்று எழுதியிருப்பது கலைஞர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் பிரதி. பதிப்பில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கம். ஆனால் கண்காட்சிக்கு வருவது ஒரே ஒரு பிரதி. மீதிப் பத்தொன்பது எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களிடம் அதே பதிப்பிலிருந்து இரண்டு பிரதிகளைக் கேட்டு வாங்கி, மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. மை துடைத்த அளவு மாறியிருக்கிறதா, நிறம் ஒன்றோடொன்று விலகியிருக்கிறதா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வேண்டுமென்றே பிரதிக்குப் பிரதி மாற்றி அடிப்பவர்களும் உண்டு. அது தப்பில்லை, படிவத்தில் சொல்லிவிட்டால் போதும்.

ஜிக்ளே பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெயரே 1991-ல்தான் வந்தது, நல்ல தரமான இங்க்ஜெட் அச்சுக்கு. கணினியிலேயே உருவாகி, அச்சுக்கென்றே திட்டமிட்ட படைப்பு இந்த வழியில் வந்தால் அதற்குத் தனிப் பிரிவு கொடுங்க, மரியாதையாக மாட்டுங்க. ஆனால் அக்ரிலிக் ஓவியத்தை ஸ்கேன் செய்து, நல்ல காகிதத்தில் அடித்து, கீழே 1/50 என்று எழுதி அனுப்பினால் அது நகல். அதை எட்சிங்குக்குப் பக்கத்தில் நிறுத்துவது, இருபது நாள் தகட்டோடு மல்லுக்கட்டியவருக்குச் செய்யும் அநியாயம்.

நடுவர் குழுவில் ஒருவராவது அச்சடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். கொங்கு மண்ணில் இதற்கு ஆள் பஞ்சமே இல்லை. திருப்பூரில் பனியன் துணிக்கு ஆறு கலர், எட்டுக் கலர் ஸ்க்ரீன் அச்சை ரெஜிஸ்டர் (ஒரு கலர்மேல் அடுத்த கலர் சரியாகப் பொருந்துவது) விலகாமல் அடிப்பவர்களின் கைக்கும் கண்ணுக்கும் இருக்கும் பயிற்சி சாதாரணமில்லை. காகிதத்துக்கு வரும்போது சில கணக்குகள் மாறும், அவ்வளவுதான். துணிக்குப் போடும் மெஷ், அதாவது ஸ்க்ரீனில் கட்டும் வலை, காகிதத்துக்கு ஆகாது. சென்டிமீட்டருக்கு 90-லிருந்து 120 இழை வரை நெருக்கம் வேண்டும், இல்லாவிட்டால் மை மொத்தமாக இறங்கி நுணுக்கக் கோடுகளை மூடிவிடும். துணியைப் பலகையில் பசை போட்டு ஒட்டி வைக்கிறோம், தாளை அப்படி ஒட்ட முடியாது. ஸ்க்ரீனுக்கும் தாளுக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும், இல்லையென்றால் தாள் ஸ்க்ரீனோடு எழும்பி வரும். நீர் மையில் ஒரு கலர் அடித்ததும் தாள் கொஞ்சம் நீளும், காய்ந்தால் சுருங்கும். முழுக்கக் காயவிடாமல் அடுத்த கலரை ஏற்றினால் ரெஜிஸ்டர் போய்விடும். காற்றுக் காலத்தில் மெஷ்ஷிலேயே மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு மையை ஸ்க்ரீன் முழுக்கப் பரப்பி மூடிவைத்தால் அந்தத் தொல்லை குறையும். இதையெல்லாம் உணர்ந்த ஒருவர் ஒரு செரிகிராஃபை, அதாவது ஸ்க்ரீனில் அடித்த அச்சோவியத்தைப் பார்க்கும்போது மற்ற நடுவர்களுக்குத் தெரியாத பத்து விஷயம் அவருக்குத் தெரியும்.

போபால் பாரத் பவனில் பன்னாட்டு அச்சுக்கலை பினாலே (இரண்டாண்டுக்கு ஒருமுறை என்று நடத்தும் கண்காட்சி) 1989-லேயே தொடங்கியது. மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமி 2018-ல் டெல்லியில் முதல் பிரின்ட் பினாலே நடத்தியது. அகாடமியின் சென்னை மையத்தில், கிரீம்ஸ் ரோட்டில், அச்சுப் பட்டறையே இருக்கிறது. பம்பு, மோட்டார், கிரைண்டர் என்று வார்ப்பும் கடைசலும் தெருவுக்குத் தெரு நடக்கும் கோவைக்கு இரண்டு உருளையும் ஒரு இரும்புப் படுகையும் கொண்ட எட்சிங் பிரஸ் செய்வது பெரிய காரியமா? ஒன்று செய்து பொதுவில் வைத்தால் இங்கே இருக்கிற பிள்ளைகள் தகட்டைத் தூக்கிக்கொண்டு சென்னைக்கு ரயிலேற வேண்டாம்.

மாட்டும் விதத்தைப் பற்றி. தாள் கண்ணாடியைத் தொடக் கூடாது, நடுவில் மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் கெட்டி அட்டை) இடைவெளி வேண்டும். தொட்டால் ஈரம் கோர்த்து மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். செலோடேப் வேண்டவே வேண்டாம், நாலைந்து வருஷத்தில் மஞ்சள் கறை வந்துவிடும். மேல் விளிம்பில் இரண்டு இடத்தில் மட்டும் மெல்லிய ஜப்பானியக் காகிதத்தைக் கோதுமைக் கஞ்சிப் பசையால் ஒட்டித் தொங்கவிட்டால் போதும். வெளிச்சம் 50 லக்ஸை (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்ட வேண்டாம், வெயில் விழும் சுவர் ஆகாது.

அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. எட்சிங்கைச் சுருட்டிக் குழாயில் போடாதீங்க, எழும்பி நிற்கும் மைக்கோடு வெடித்துவிடும். கிளாசின் தாள் (வழவழப்பான மெல்லிய தாள்) மூடி, இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே தட்டையாக வைத்து, அட்டை தாளைவிட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கும்படி வெட்டிக் கட்டுங்க. பார்சலின் மூலை நசுங்கினாலும் தாளின் மூலைக்கு ஒன்றும் ஆகாது.